அந்த டாக்டரேட்டால் என்ன பிரயோஜனம்?

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆன்லைனில் படித்துக்கொண்டிருக்கும் குடும்ப சிகிச்சை (ஃபேமிலி தெரபி) டாக்டரேட்டை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கல்லூரி எதிலும் உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போக முடியாது. ஆன்லைனில் முடித்த பிஎச்.டி.யைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஏற்றுக்கொள்வதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து எட்டெக் (ஆன்லைன் கல்வி) கம்பெனிகள் விற்கிற ஆன்லைன் பிஎச்.டி. விளம்பரங்களை நம்பி ஏமாறாதீர்கள் என்று 2022 அக்டோபரில் யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து பொது அறிவிப்பே கொடுத்தார்கள். நான் சேர்ந்திருப்பது அப்படிக் கம்பெனி வழியாக இல்லை, அமெரிக்காவின் தென்பகுதியில் லூசியானா மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நேரடியாகத்தான். அதற்காக இங்கே யாரும் மாலை போட்டு வரவேற்கப் போவதில்லை.

சரி, அமெரிக்காவுக்குப் போய்த் தொழில் செய்யலாமே என்றால் அதற்கும் இது சாவி இல்லை. அங்கே ஃபேமிலி தெரபிஸ்ட் என்று போர்டு மாட்ட ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக லைசென்ஸ் கொடுக்கிறது. ஐம்பது மாநிலங்களும் அதற்குச் சட்டம் போட்டு முடித்ததே 2009-ல்தான். அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இவர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது 2024 ஜனவரியில். அந்த லைசென்ஸுக்கு வேண்டியது முதுகலைப் பட்டமும் ஒரு சூப்பர்வைசரின் கண்காணிப்பில் செய்த மணிக்கணக்கும் ஒரு தேர்வும்தான். டாக்டரேட் அதற்கு அடுத்த படி, பாடம் நடத்துகிறவர்களுக்கும் மற்றவர்களை மேற்பார்வை பார்க்கிறவர்களுக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குமானது.

அப்போ எதுக்கு இது? நான் திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, ஒரு மனநல மருத்துவமனையில் பல வருஷம் சோஷியல் வொர்க்கராக இருந்துவிட்டு, இப்போது தனியாகக் குடும்பங்களைப் பார்க்கிறவள். என் ஜூனியர் பிள்ளைகள் அடிக்கடி போன் போட்டு "மேடம், நானும் சேரலாமா?" என்று கேட்கிறார்கள். என் அக்கா கேட்பது வேறு மாதிரி: "சம்பளம் ஏறுமா?" இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அக்காவுக்கான பதில் ஒரே வார்த்தை, ஏறாது.

இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொன்னால்தான் மீதி விளங்கும். 1950-களில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் கிரெகரி பேட்சன் என்ற மானுடவியலாளர் ஒரு சின்னக் குழுவை வைத்துக்கொண்டு, மனநோய் வந்தவரின் தலைக்குள் மட்டும் பார்க்காமல் அவருக்கும் வீட்டாருக்கும் நடுவில் ஓடுகிற பேச்சைப் பார்க்க ஆரம்பித்தார். 1956-ல் அவர்கள் எழுதிய கட்டுரை, ஒரே நேரத்தில் 'வா' என்றும் 'வராதே' என்றும் சொல்லப்படுகிற பிள்ளை என்ன ஆகும் என்று கேட்டது. ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய்க்கு அதுதான் காரணம் என்கிற வாதம் பிற்பாடு நிற்கவில்லை, கொஞ்ச காலம் அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுதான் மிச்சம். ஆனால் பார்க்கும் கோணம் நிலைத்துவிட்டது. ஒரு ஆள் இப்படி இருப்பதற்கு வீட்டில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் அப்படிச் செய்வதற்கு இவர் என்ன செய்கிறார் என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. சால்வடார் மினுசின் என்ற மனநல மருத்துவர் ஃபிலடெல்ஃபியாவில் ஏழைக் குடும்பங்களோடு உட்கார்ந்தார். இத்தாலியில் மிலான் நகரத்துச் சிகிச்சையாளர் குழு, 'அம்மா அழுதால் வீட்டில் முதலில் யாருக்குக் கோபம் வரும்?' என்கிற மாதிரி, ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும் கேள்விகளையே சிகிச்சையாக்கியது.

இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அங்கே ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடிச் சுவர் வைத்துக் குடும்பத்தை அறைக்குள் கூட்டிவர அவ்வளவு பாடுபட்ட அதே 1950-களில், இங்கே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், கூட்டம் தாங்காமல், வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளோடு வீட்டாரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் ஆரம்பத்திலிருந்தே வீட்டு ஆள் ஒருவராவது கூடத் தங்க வேண்டும் என்பது வழக்கம். மத்திய அரசின் மனநல நிறுவனமான பெங்களூர் நிமான்ஸில் 1970-களிலேயே குடும்ப மனநலத்துக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது. குடும்பத்தைக் கூட்டிவருவது நமக்கு எந்தக் காலத்திலும் பிரச்சினையே இல்லை, ஒருத்தருக்கு டோக்கன் போட்டால் ஆறு பேர் வந்து நிற்பார்கள். அந்த ஆறு பேரில் ஐந்து பேரை "வெளியில உட்காருங்க" என்று அனுப்பிவிட்டு மிச்சம் ஒருத்தருக்கு மட்டும் புத்திமதி சொல்லி அனுப்புவதைத்தான் கவுன்சிலிங் என்று நம்மில் பாதிப்பேர் செய்துகொண்டிருக்கிறோம்.

இனி வகுப்பு. அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஆறு மணி என்றால் எனக்குப் புதன்கிழமை விடிகாலை நாலரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் ஐந்தரை ஆகிவிடும், அது ஒரு சொர்க்கம். மார்ச்சில் மறுபடி பழைய கதை. ஹாலில் லைட் போட்டால் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து உட்காருவேன். பக்கத்து வீட்டு வாசல் தெளிக்கிற சத்தம் ஸூமில் லூசியானாவரை கேட்கும்.

வகுப்பில் ஒரு டஜன் பேர்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக் கால நோயாளிகளோடு இருக்கிற பாதிரியார், பள்ளிக்கூட கவுன்சிலர், ராணுவ வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்கிற ஒருவர், ஒரு நாடகக்காரி. வாராவாரம் படிக்க வேண்டியதை நினைத்தால் மலைப்பாக இருக்கும், விவாதப் பக்கத்தில் கட்டாயத்துக்கு எழுதுகிற 'மிக நல்ல கருத்து, நன்றி' வகைப் பதில்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அவற்றால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. நூலகம் மட்டும் வேறு கதை. குடும்ப சிகிச்சைக்கான ஆய்விதழான ஃபேமிலி பிராசஸ் 1962-ல் தொடங்கியது. அதன் பழைய இதழ்களெல்லாம் திருச்சியில் என் சமையலறையில் திறக்கின்றன என்பதற்கே கட்டிய ஃபீஸில் ஒரு பங்கு சரியாகிவிட்டது.

ஆனால் இதில் சேர்ந்ததற்கு நான் சந்தோஷப்படுவது வேறொன்றுக்காக. எங்கள் படிப்பில் ஒவ்வொருவரும் தாங்கள் பார்க்கும் குடும்பத்தின் செஷன் ஒன்றை, அவர்களிடம் கையெழுத்து வாங்கி, வீடியோ எடுத்து வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு மணி நேர செஷனில் பத்து நிமிஷம் போதும். அதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்துப் பேசுவார்கள். என் முறை வந்தபோது நான் கொண்டுபோனது ஒரு பிளஸ் டூ பையனின் வீடு. அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றிவிட்டேன், அவர்களுக்கும் நான் எழுதுவது தெரியும். பையன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். அப்பா துபாயில், செஷனில் அவர் ஸ்பீக்கர் போனில். அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, அம்மாவின் தம்பி மூன்று பேரும் நேரில். எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் அவனுக்கு அறிவுரை சொல்கிறார்கள், அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போனிலிருந்து "கேட்குதா, அவன்கிட்ட சொல்லு" என்று குரல் வருகிறது. வழக்கமான காட்சிதான்.

வகுப்பில் யாருக்கும் தமிழ் தெரியாது. பேச்சின் சாராம்சத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன், வீடியோ ஓடும்போது அவர்களுக்கு வெறும் சத்தம். இது பெரிய குறை என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் பேச்சு புரியாததால் அவர்கள் கைகளைப் பார்த்திருக்கிறார்கள்! பாதிரியார்தான் கேட்டார்: "அந்த வயதான அம்மா பையிலிருந்து அடிக்கடி என்னவோ எடுக்கிறாரே, அது என்ன?" பின்னால் ஓட்டினோம். பாட்டியின் மடியில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அம்மாவின் குரல் ஏறும் ஒவ்வொரு முறையும் பாட்டி அந்தப் பைக்குள் கையை விடுகிறார், ஒரு ஆரஞ்சு மிட்டாயைக் காகிதம் பிரிக்காமல் பேரன் கையில் வைக்கிறார், அவன் அதைப் பிரித்து வாயில் போடுகிறான், அதைப் பார்த்ததும் அம்மாவின் குரல் இன்னும் ஏறுகிறது, உடனே மாமா அப்பாவின் குரல் வரும் போனை மேசை நடுவுக்கு நகர்த்துகிறார், துபாயிலிருந்து சத்தம் வருகிறது, பாட்டியின் கை மறுபடி பைக்குள். ஒரு வட்டம் முழுதாகக் கண் முன்னால் ஓடியது. நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன், வீடியோவையும் எத்தனையோ தடவை பார்த்துத்தான் அந்தச் சாராம்சத்தை எழுதினேன். காது பேச்சிலேயே இருந்ததால் மிட்டாய் மிட்டாயாகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வகுப்பு செய்ததும் முக்கியம். நார்வேயின் ட்ரோம்ஸோவில் 1985-ல் டாம் ஆண்டர்சன் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் ஒரு காரியம் செய்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்து குடும்பத்தைப் பார்க்கிற நிபுணர்கள் லைட்டையும் மைக்கையும் மாற்றிப் போட்டு, தாங்கள் என்ன பேசிக்கொள்கிறோம் என்பதைக் குடும்பமே உட்கார்ந்து கேட்கும்படி செய்துவிட்டார்கள். ஸூமுக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. நான் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட வேண்டும், மற்றவர்கள் என்னைப் பற்றியும் அந்தக் குடும்பத்தைப் பற்றியும் தங்களுக்குள் பேசுவார்கள், நான் பதில் சொல்லக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். "பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்" என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. "அந்த அறையில் சத்தத்தைக் குறைக்க முயற்சி செய்கிற ஒரே ஆள் அவர்தான்" என்றார் ஒருவர். "அந்தப் பையில் எல்லோருக்கும் போதுமான அளவு மிட்டாய் இருக்குமா?" என்று நாடகக்காரி கேட்டாள். விளையாட்டாகக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

அடுத்த செஷனில் அம்மாவின் குரல் ஏறியதும், பாட்டியின் கை பைக்குள் போனதும், நான் சொன்னேன்: "பாட்டி, அதுல ஒண்ணு உங்க மருமகளுக்கும் குடுங்களேன்." பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவளுக்கு எதுக்கு? சின்னப் புள்ளையா?" என்றார். என்றாலும் கை நீண்டது. "இந்தா." அம்மா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல், பிறகு பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். மிட்டாய் வாயில் இருக்கும்போது கத்த முடியாது, அது ஒரு சின்ன இயந்திர உண்மை. அப்பா போனில் "என்ன ஆச்சு, லைன் கட்டாயிடுச்சா?" என்று கேட்டபோது பையன் சிரித்துவிட்டான். அந்த ஒரு மணி நேரத்தில் அவனாகப் பேசிய முதல் வார்த்தை: "அம்மா மிட்டாய் சாப்பிடுறாங்கப்பா."

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது யூட்டியூப் சாமியார் கதை. அவன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகத் திரும்ப மாதக்கணக்கில் ஆனது, நடுவில் ஒரு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டியிருந்தது, மாத்திரையும் உதவியது. ஆனால் அன்றைக்கு வட்டம் ஓர் இடத்தில் உடைந்தது, அதன் பிறகுதான் வேறு விஷயங்களைப் பேச முடிந்தது. மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் எதையாவது நேரடியாகக் கொடுத்து வாங்கி எத்தனை நாளாயிற்று என்பது உட்பட.

என் படிப்பின் பெயரில் இருக்கிற 'படைப்பூக்கம்' என்ற சொல்லை முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, கலர் பென்சில் கொடுத்து வரையச் சொல்வார்களோ என்று. அப்படி இல்லை. பிராட்ஃபோர்ட் கீனி என்பவர் பேட்சனின் வழியில் வந்து, சிகிச்சை என்பது முன்கூட்டி எழுதிய திட்டத்தை ஓட்டுவது அல்ல, அந்த அறையில் அந்த நேரத்தில் கிடைப்பதை வைத்து அரங்கேற்றுவது என்று வாதாடியவர். அவரும் ரான் செனாயில் என்பவரும் வளர்த்த ஒரு முறையில் ஒரு செஷனின் உரையாடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த இடத்தில் பேச்சு 'பையனின் கோளாறு' என்ற கட்டத்திலிருந்து வேறு கட்டத்துக்கு நகர்ந்தது என்று வரைந்து பார்க்கலாம். என் மிட்டாய் செஷனை அப்படி வரைந்தேன். முதல் நாற்பது நிமிஷம் ஒரே கட்டம், கடைசிப் பத்து நிமிஷத்தில் மூன்று கட்டம் தாண்டியிருக்கிறது. கீனியின் பிற்கால ஈடுபாடுகள் எல்லாவற்றிலும் எனக்கு ஒப்புதல் கிடையாது. இந்த வரைபடம் மட்டும் அன்றாடம் உதவுகிறது.

இப்போது என் பேராசிரியரோடு நடந்துகொண்டிருக்கிற தகராறுக்கு வருகிறேன். நல்ல விதமான தகராறுதான். எல்லாமே வட்டம், எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு என்று பேசுகிற கோட்பாட்டைக் கொண்டுபோய், புருஷன் அடிக்கிற வீட்டில் வைத்தால் என்ன ஆகும்? அடிக்கிறவனுக்கும் அடி வாங்குகிறவளுக்கும் சமபங்கு என்று ஆகிவிடும். அமெரிக்காவிலேயே 1970-களின் கடைசியிலிருந்து ரேச்சல் ஹேர்-மஸ்டின், வர்ஜீனியா கோல்ட்னர் போன்ற பெண்ணியவாதிகள் இதைத்தான் குடும்ப சிகிச்சையாளர்களின் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். துறை மாறியது, அடிதடி இருந்தால் முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் வட்டம் என்று பாடத்திலேயே வந்துவிட்டது. பேராசிரியர் அதைச் சொல்லி முடித்துக்கொள்கிறார். எனக்கு முடியவில்லை. நம் ஊரில் குடும்பம் என்ற அமைப்பைக் காப்பாற்றுவதற்கு ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் ஆரம்பித்து இன்று மாநிலம் முழுக்க இருக்கிற அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் பாதி நேரம் நடப்பது 'கவுன்சிலிங்' என்ற பெயரில் சமரசம்தான். குடும்ப நல நீதிமன்றத்திலும் கவுன்சிலர் உண்டு. ஊர்ப் பெரியவர்கள், சாமியார், பாஸ்டர், அதுவும் போதாதென்று மாமியார் வீட்டு வக்கீல். எல்லோரும் சொல்வது 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா'. 2005-லேயே குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வந்துவிட்ட ஊரில், கையில் புது ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு நானும் அதே வரிசையில் போய் நின்றுவிடக் கூடாது இல்லையா? அதனால் என்னிடம் தம்பதியாக யார் வந்தாலும் முதலில் தனித்தனியாகத்தான் பார்க்கிறேன், அந்தப் பெண் தனியாக என்ன சொல்கிறாள் என்று கேட்காமல் ஒரே அறையில் உட்காரவைப்பதில்லை. 'நீங்க குடும்பமா பாக்குறவங்கன்னுதானே வந்தோம்' என்று கோபித்துக்கொண்டு போன கணவன்மார் உண்டு. போகட்டும்.

இதையேதான் ஆய்வேட்டுக்கும் எடுத்திருக்கிறேன். சேர்த்துவைக்கச் சொல்லி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்கிற தமிழ்நாட்டுக் கவுன்சிலர்கள், 'இவர்களைச் சேர்த்துவைக்கக் கூடாது' என்று எந்த இடத்தில் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவை யாரிடம் எப்படிச் சொல்கிறார்கள்? நேர்காணல்கள் ஆரம்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அதற்குத் தமிழில் ஒப்புதல் படிவம், ஒலிப்பதிவை எங்கே பூட்டி வைப்பேன், எப்போது அழிப்பேன், பேசும்போது யாராவது உடைந்து அழுதால் யாரிடம் அனுப்புவேன் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். எரிச்சலாக இருந்தாலும் இது நியாயம். நம்மூரில் எத்தனையோ மாணவர்கள் டீக்கடையில் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

பணம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: டாலரில் கட்டுகிறோம், ரூபாயில் சம்பாதிக்கிறோம், ஒவ்வொரு செமஸ்டருக்கும் பேங்கில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 ஃபாரம் நிரப்பும்போது கவுண்டரில் இருப்பவர் "யாரு மேடம், பையனா படிக்கிறான்?" என்று கேட்பார். பாடங்களை முடிப்பதற்குள் இல்லை, ஆய்வேடு இழுக்கும்போதுதான் கை கடிக்கும், ஏனென்றால் எழுதாமல் சும்மா இருக்கிற செமஸ்டருக்கும் ஃபீஸ் உண்டு.

இனி ஜூனியர்களுக்கு நேராக. எதிரில் உட்காரக் குடும்பங்கள் இல்லாதவர் இதில் சேர வேண்டாம், அதற்குப் பதில் நிமான்ஸிலோ இங்குள்ள நல்ல எம்.எஸ்.டபிள்யூ. படிப்புகளிலோ சேர்ந்து முதலில் நாலு வார்டு சுற்றுங்கள். ஏற்கெனவே வேலை செய்கிறவர் என்றால், சேரும் முன் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இந்தியாவில் நான் பார்க்கும் குடும்பங்களின் செஷனை வகுப்புக்குக் கொண்டுவரலாமா, அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர். முதல் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால், வெறும் வாசிப்புக்கும் கட்டுரைக்கும்தான் அவ்வளவு டாலர் கட்டப்போகிறீர்கள், அதைவிடத் திருச்சியிலேயே நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருநாள் ஒருவர் செஷனை ஒருவர் பார்க்கலாம். நாங்கள் அப்படி ஒன்று ஆரம்பித்திருக்கிறோம், இரண்டாம் சனிக்கிழமை சாயந்திரம், வீடியோவை முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் போடுகிறோம்.